இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி

1

எங்கள் கல்யாண நாளன்று என் வீட்டுக்காரர் தன்னால் ஓட்ட முடியாத ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்தார். விற்ற பையனே ஓட்டி வந்தான். இவர் பக்கத்து சீட்டில் கைத்தடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லக்கில் வந்தவர் மாதிரி வந்து இறங்கினார். இறங்கினார் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அந்தப் பையனும் நானும் ஆளுக்கொரு பக்கம் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி எடுத்தோம். அந்த வண்டியின் இருக்கை தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இல்லை.

என் கோபம் நியாயமானது என்று ஊரில் இருக்கும் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். போன வருஷப் பனிக்காலத்தில் வாசலில் வைத்திருந்த பால் பாட்டிலை எடுக்கப் போனவர் உறைபனியில் வழுக்கி விழுந்தார். இடது முழங்கால் சில்லு உடைந்தது. எலும்பு கூடியது, ஆனால் கால் அதற்குப் பிறகு பாதிக்கு மேல் மடங்குவதில்லை, அழுத்தி மிதிக்கவும் பலமில்லை. கிளட்ச் மிதிக்கிற கால் அது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்து, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து மோட்டார்த் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்த மனிதர், இப்போது வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பிஸ்கட் பேக்டரியில் டப்பா அடைக்கப் போகிறேன்.

வாங்கியது என்ன வண்டி? கேன்வாஸ் கூரை போட்ட, வயதான, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். வீட்டில் நாங்கள் நான்கு பேர். மகன் குமாருக்குப் பன்னிரண்டு வயது. அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நானும் தங்கச்சியும் எங்கே உட்காருவது என்று இங்கிலீஷில் கேட்டான். இவர் தமிழில், “நீங்க பஸ்ல வாங்க” என்றார். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான் என்று என் வாய் வரை வந்தது. நல்லவேளையாக விழுங்கிக்கொண்டேன். அந்தப் பழமொழி சொல்லக் கூடாத வீடாக எங்கள் வீடு ஆகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த நாட்டுப் பையன்கள் வேலைக்குப் போன சூட்டில் இப்படி ஒரு வண்டி வாங்குகிறார்கள். அதில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறார்கள். பிறகு அவளையே கட்டுகிறார்கள். முதல் பிள்ளை பிறந்ததும் தள்ளுவண்டி வைக்க இடமில்லை என்று அவளே விற்கச் சொல்கிறாள். அதனால் சனிக்கிழமை பேப்பரில் இந்த வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அதே வயதுள்ள, நான்கு பேர் போகும் மொண்ணை வண்டிக்கு இதைவிட அதிக விலை. ஓட்டுவதற்கு எவ்வளவு சுகமோ அவ்வளவு மலிவு. உலகம் முழுக்க இந்த வண்டிகள் மலிவாவதற்குக் காரணம் பிள்ளைகுட்டிதான்.

உலகம் முழுக்க என்று நான் சும்மா சொல்லவில்லை. இதே மாதிரி ஒரு வண்டியை இதே மனிதர் ஏற்கெனவே ஒருமுறை வாங்கியிருக்கிறார்.

2

ஐம்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பழனி அடிவாரத்தில் விபூதி, பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்டேன். மாமியார், மூத்தார், அவர் சம்சாரம், அவர்களுடைய நான்கு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர், எல்லோருக்கும் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும். குளிருக்காக எல்லோரும் கணப்பைச் சுற்றியே கிடப்போம். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது என்றால், “உப்பு எடு” என்பதும் “வெந்நீர் போட்டாச்சு” என்பதும்தான். அவருக்கு என்ன பிடிக்கும், அவர் எதற்குச் சிரிப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஒரு கார் வாங்கினால் குடும்பத்தோடு பழனி போய் வரலாம் என்று மாமியாருக்கு நெடுநாள் ஆசை. அப்போது தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய ஜீப்புக்கு ஆனை விலை குதிரை விலை சொல்லி அடித்துக்கொண்டார்கள். செங்குத்துப் பாதையில் மூட்டை ஏற்றலாம், பத்து ஆளையும் ஏற்றலாம். அவரிடமிருந்த இரண்டு சீட்டு வண்டியைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அவருடைய வண்டிகளைப் பழுது பார்த்துவந்தவர் இவர்தான். ஒரு கறவை மாட்டு விலைக்கு அதை வாங்கிக்கொண்டு, மலைப்பாதை முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். தரையோடு தரையாக, இரண்டு விளக்கும் கண்மாதிரி துருத்திக்கொண்டு நின்ற அதற்குப் பஜாரில் அன்றைக்கே தவளை வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாமியார் முன்னும் பின்னும் பார்த்தார்.

“ஏலே, மிச்ச வண்டிய எங்க வச்சுட்டு வந்த?”

எங்கள் பக்கத்தில் எந்த வண்டி வாங்கினாலும் முதல் ஓட்டம் பழனி அடிவாரத்துக்குத்தான். அங்கே மாலை போட்டு, சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிய பிறகுதான் அது நம் வண்டி. அந்த முதல் ஓட்டத்தில் டிரைவர் பக்கத்து இடம் வீட்டுக்குப் பெரியவர்களுக்கு. வண்டி எதுவானால் என்ன, முறை முறைதானே? மாமியார் பட்டுச்சேலை கட்டி, அந்த ஒடுங்கிய சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காலைத் தொங்கப்போட அதில் இடமில்லை, நீட்டி உட்காருவது மரியாதையில்லை. மற்றவர்கள் எல்லோரும் பின்னால் பஸ்ஸில் போனோம்.

வத்தலக்குண்டில் பஸ் நின்றபோது மாமியார் ஒரு கடை பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வளைவுக்கு வளைவு உருண்டிருக்கிறார். சம்மணம் போட்டவருக்குப் பிடிமானம் ஏது? பெருமாள் மலை தாண்டும்போதே காலையில் குடித்த காபி வெளியே வந்துவிட்டதாம். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அதிகாரம் குறையவில்லை. என்னைக் கூப்பிட்டு, “நீ போய் அவன்கூட உக்காரு. இனி செத்தாலும் இதுல ஏற மாட்டேன். நான் பஸ்ல வாரேன்” என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது. கேட்டு வாங்கவில்லை, பிடுங்கவும் இல்லை.

ஒட்டன்சத்திரம் வரை நான் வாயே திறக்கவில்லை. யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பழக்கம். பிறகு திரும்பிப் பார்த்தேன். பின்னால் உட்கார யாருக்கும் இடமே இல்லை. அது எனக்குள் மெதுவாகத்தான் இறங்கியது. அப்புறம் பேச ஆரம்பித்தேன். கடையில் பஞ்சாமிர்தம் பிசைகிற ஆள் தும்முவது, பள்ளிக்கூடத்தில் நான் டீச்சரைப் போல நடித்து அடி வாங்கியது, அவருடைய அண்ணன் குறட்டை விடும்போது கடைசியில் ஒரு விசில் வருவது என்று எல்லாம் சொன்னேன். ஆயக்குடியில் வண்டியை நிறுத்திக் கொய்யாப்பழம் வாங்கினார். அங்கே நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“இம்புட்டுப் பேசுவியா நீயி?” என்றார். “நான் ஊமச்சியக் கட்டிக்கிட்டு வந்துட்டனோன்னுல்ல நெனச்சேன்.”

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். கல்யாணம் பழனியில் நடந்தது. மற்றதெல்லாம் ஆயக்குடியில் நடந்தது.

3

ஒருமுறை போனதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியாததற்குக் காரணம் ஒரு மரக்கட்டை.

மலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். மேட்டில் நிறுத்தினால் கைப்பிரேக்கை நம்பக் கூடாது. கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை அண்டக்கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். தவளை வண்டியின் கைப்பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. தாண்டிக்குடிக்கு ஜீப் பழுது பார்க்கவோ, பேத்துப்பாறையில் வழியில் நின்றுபோன லாரியைக் கிளப்பவோ இவர் போகும்போது, கட்டை போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஒர்க்‌ஷாப் பையனைக் கூட்டிப் போனால் கடையைப் பூட்ட வேண்டும். மாமியாரே யோசித்துப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னார். மூத்தார் சம்சாரம் ஏதோ முணுமுணுத்தபோது, “சோலிக்குத்தான போறா” என்று வாயை அடைத்தார். புருஷனோடு உல்லாசமாகப் போகிறவள் பேச்சு வாங்குவாள். கிளீனராகப் போகிறவளை யார் என்ன சொல்ல முடியும்?

ஆக, மடியில் கட்டையை வைத்துக்கொண்டு நான் அந்த மலை முழுக்கச் சுற்றினேன்.

ஓட்டப் பழகியது தற்செயல். தாண்டிக்குடியிலிருந்து திரும்பும்போது, முன்னால் கம்பி விட்டுச் சுற்றி இவர் இன்ஜினைக் கிளப்பினார். கம்பி எதிர்த்து உதைத்தது. மணிக்கட்டு வீங்கி, கியர் பிடிக்க முடியவில்லை. காபிச் செடியைத் தவிரச் சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. “நீ உக்காரு. நான் சொல்றதச் செய்யி. வெரசா எதையும் பண்ணாத” என்றார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் இடது கையை மடியில் ஏந்தியபடி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இறக்கத்தில் நியூட்ரலில் போகாதே, ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், மேலே வருகிற வண்டிக்கு வழி விடு, வளைவு தெரியுமுன் ஹாரன் அடி.

பஸ்ஸில் போகும்போது மலை ஜன்னலுக்கு வெளியே போகும். இந்த வண்டியில் அது நம் உட்காருமிடத்தில் தெரிந்தது. சிறு கல் மேல் ஏறினாலும் கைக்குச் செய்தி வந்துவிடும். ஸ்டியரிங்கை விரலளவு திருப்பினால் மூக்கு விரலளவு திரும்பும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. கியர்க் கம்பி ஒரு சாண் நீளம். மணிக்கட்டை அசைத்தால் போதும். இரண்டாவது கியரில் வளைவுக்குள் போய், நடுவில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால், வண்டி தானாகவே வெளியே இழுத்துக்கொண்டு வரும். சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வரும். வேகம் என்னவோ முப்பது மைல்தான். ஆனால் அந்த முப்பது மைலையும் நானே செய்கிற மாதிரி இருந்தது. அதற்கு முன்பு என் கையால் நான் செய்தது எல்லாம் இட்லியும் கோலமும். இரண்டும் பிறத்தியாருக்கு.

அவர் மணிக்கட்டு சரியான பிறகும் நாங்கள் இடம் மாறிக்கொண்டோம். ஊர் எல்லை வந்ததும் பழையபடி மாறி உட்கார்ந்து, நான் கட்டையோடு கிளீனராகிவிடுவேன். லைசென்ஸ் என்ற ஒன்று எனக்கு இருந்ததில்லை. கேட்க ஆளும் இருந்ததில்லை.

இங்கிலாந்து வருவது என்று முடிவெடுத்ததும் அந்த வண்டியில்தான். ஊருக்குப் போன தோட்டத்துக்காரர் எழுதியிருந்தார், நல்ல மெக்கானிக்குக்கு இங்கே வேலை உண்டு என்று. இவர் ஷெண்பகனூர் பக்கம் ஒரு மேட்டில் நிறுத்தி, “போலாமா?” என்றார். நான் இறங்கிப் போய்க் கட்டையைப் போட்டுவிட்டு வந்து, போகலாம் என்றேன். வண்டியைப் பஜார் துணிக்கடை பாய் வாங்கிக்கொண்டார். கொள்முதலுக்குத் தனியாகவே போய் வருகிறவர் அவர். ஒரு சீட்டே போதும் என்றார்.

4

இந்த நாட்டில் எதற்கும் நிரப்ப ஒரு பாரம் உண்டு. ஓட்டப் பழகவே ஒரு லைசென்ஸ் எடுக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ எழுதிய அட்டை கட்ட வேண்டும். பக்கத்தில் முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இவரிடம் முழு லைசென்ஸ் இருந்தது, கால் இல்லை. எனக்குக் கால் இருந்தது, லைசென்ஸ் இல்லை. ஆக இரண்டு பேரும் சேர்ந்து சர்க்கார் கண்ணில் ஒரு முழு டிரைவர் ஆனோம். இதை யோசித்துத்தான் வாங்கினீர்களா என்று கேட்டேன். யோசிக்காமல் வாங்க நான் என்ன மடையனா என்றார். “வேற கார்ல உக்காந்தா முட்டி வலிக்கிது. இதுலதான் கால நீட்டிக்கிட்டு உக்காரலாம்” என்று ஒரு காரணமும் சொன்னார். அன்று மாமியார் மரியாதையில்லை என்று ஒதுக்கிய அதே உட்காரல்.

என் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. வண்டி பழையது, கதவோரம் மழை ஒழுகுகிறது. ஆனால் ஓட்ட உட்கார்ந்ததும் கைக்கும் காலுக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வயல் நடுவே போகும் சின்ன ரோடுகளில் போவோம். அவர் தொப்பி வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கியர் மாற்றச் சொல்லுவார். நான் மாற்றிய பிறகுதான் சொல்லுவார். அது பரவாயில்லை. விழுந்த நாளிலிருந்து அந்த மனிதர் வாயிலிருந்து அவ்வளவு சொற்கள் வரவில்லை.

ஒரு தடவை டயர் பஞ்சராகி, பக்கத்து கராஜில் போய் ஸ்டெப்னி மாட்ட வேண்டும் என்றேன். கராஜ்காரர் ரொம்ப மரியாதையாக, ஸ்டெப்னி லண்டனில் இருக்கிறது, இங்கிருந்து நூறு மைல் என்று வழி சொன்னார். மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் இந்த நாட்டில் கிடையாதாம். நாங்கள் வரும் வழியெல்லாம் சிரித்தோம். வீட்டுக்கு வந்தபோதும் சிரிப்பு அடங்கவில்லை. மகள் மீனா, என்ன ஜோக் என்று இங்கிலீஷில் கேட்டாள். சொன்னோம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கராஜ்காரர் சொன்னது சரிதானே என்றாள். ‘எல்’ அட்டை கட்டிய திறந்த வண்டியைச் சேலை கட்டிய அம்மா ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் வர வேண்டாம் என்பது மட்டும் அவளுடைய வேண்டுகோள். நான் அந்தத் தெருவை விட்டுவிட்டேன்.

முதல் தடவை டெஸ்டுக்குப் போனபோது வீட்டிலேயே சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுத்தான் போனேன். பரீட்சை வைக்கிறவர் ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் வண்டிக்குள் அவர் தன்னை மடித்து வைத்துக்கொண்டபோது முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. நான் குறையில்லாமல் ஓட்டினேன். ஒவ்வொரு தெருமுனையிலும் தவறாமல் ஹாரன் அடித்தேன். ஜன்னல் திரைகள் விலகின. ஒரு கிழவர் தொப்பியை எடுத்துவிட்டு முறைத்தார். பெயில். ஏன் அடித்தீர்கள் என்று பரீட்சைக்காரர் கேட்டார். எதிரே வருகிறவருக்கு நான் வருவது எப்படித் தெரியும் என்றேன். நம் ஊரில் ஹாரன் என்பது ‘வாரேன் சாமி, ஓரமா இருங்க’ என்கிற மரியாதை. இங்கே அது திட்டு. நான் அந்த ஊரையே தெருத்தெருவாகத் திட்டிவிட்டு வந்திருந்தேன்.

இரண்டாவது தடவைக்கு ஹாரனை மறந்து பழகினேன். டெஸ்டில் ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்பிக் காட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. ஊரிலேயே இருக்கும் அந்த ஒரு மேட்டை இவர் போய்ப் பார்த்துவிட்டு, “இதுவா மேடு? இதுல தண்ணி ஊத்துனா எந்தப் பக்கம் போறதுன்னு அதுக்கே தெரியாது” என்று சொல்லிவிட்டார். அதனால் அதில் நாங்கள் பழகவே இல்லை. மலையிலிருந்து வந்தவர்களின் திமிர், வேறென்ன?

பரீட்சைக்காரர் அந்த மேட்டில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கைப்பிரேக் போட்டேன். வண்டி மேட்டில் நிற்கிறது என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நான் யோசித்துச் செய்ததல்ல. இடது பக்கம் திரும்பி அவரிடம் தமிழில், “கட்டையப் போடுங்க” என்றேன். அவர் அசையவில்லை. என்ன கிளீனர் இவர் என்று நினைத்தேனோ என்னவோ, பழக்கதோஷத்தில் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்த கட்டையை நானே எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கி, பின்சக்கரத்துக்கு அண்டக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பென்சிலைக் கையில் வைத்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்டின் நடுவே வண்டியைவிட்டு இறங்கிப்போன முதல் ஆள் நீங்கள்தான் என்று கடைசியில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

5

இதெல்லாம் சிரிப்புக்கு. சிரிப்பில்லாத ஒன்றும் இருந்தது.

இவருடைய லைசென்ஸ் வசந்த காலத்தோடு முடிகிறது. புதுப்பிக்கிற பாரத்தில் கைகால் நன்றாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. அதில் பொய் எழுத இவருக்கு வராது. அதற்குள் நான் பாஸாகவில்லை என்றால், பழக என் பக்கத்தில் உட்கார லைசென்ஸ்காரர் இல்லை. வண்டி வாசலில் நிற்கும். இவர் மறுபடி ஜன்னலோரம் போய்விடுவார். அதனால் நான் மூன்றாவது தடவைக்கு அவசரப்பட்டேன்.

இவர் அவசரப்படவில்லை. முன்பெல்லாம் என்னைப் புகழ்ந்தவர், திடீரென்று குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். கிளட்சை விடுவது சரியில்லை, கண்ணாடி பார்ப்பதில்லை, இன்னும் பழக்கம் போதாது. தேதி கேட்டு எழுதலாம் என்றால், அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. ஓட்டுகிறவள் நான், தடுக்கிறவர் இவர். நாள் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டேன், நான் பாஸாவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று. அவர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நீ பாஸாயிட்டா, பக்கத்துல நான் எதுக்கு?” என்றார். “இப்பவாச்சும் சட்டம் கேக்குது, ஒரு ஆளு உக்காரணும்னு. அப்புறம் நான் சும்மா ஏத்திக்கிட்டுப் போற மூட்டதான?”

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது எல்லோரும் சொல்வது. தொழிற்சாலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து அனுப்பியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மனிதர் நாற்பத்து சொச்சம் வயதில் தன்னை வேண்டாத சாமானாக எண்ணிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வண்டியைக் கிளப்பினேன். அந்த வண்டியில் நாங்கள் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, டெஸ்டுக்கு எழுதி ஒட்டிய உறையைத் தபாலில் சேர்க்கச் சொல்லி அவரே என் கையில் கொடுத்தார்.

6

அதே பரீட்சைக்காரர். தன்னை மடித்து உள்ளே வைத்துக்கொண்டதும், கட்டை வந்திருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். மேட்டில் நிறுத்தினேன். சக்கரம் பின்னால் உருளப்போகிறது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. நான் கேட்கவில்லை. கிளப்பினேன், போனேன். ஒரு தெருமுனையிலும் யாரையும் திட்டவில்லை. திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பாஸ்.

இவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். சீட்டைக் காட்டினேன். வாங்கிப் படித்தார். பிறகு தடியைக் கூரை மடித்த வண்டிக்குள் இடது சீட்டில் சாய்த்துவிட்டு, குனிய முடியாத காலோடு குனிந்து, முன்னால் கட்டிய அட்டையின் கயிற்றை அவிழ்த்தார். பின்பக்கம் போய் அதையும் அவிழ்த்தார். நான் செய்கிறேன் என்றேன். விடவில்லை. இரண்டு அட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

“நீ போ” என்றார். “நான் பஸ்ல வாரேன்.”

ஏன் என்றேன்.

“பக்கத்துல ஆளு இல்லாம ஓட்டுறதுதான் ஓட்டுறது. ஒனக்கு அது இதுவரைக்கும் கெடச்சதே இல்ல. போயி ஓட்டிப் பாரு.”

அதில் வருத்தம் இல்லை, கோபமும் இல்லை. வண்டி ஓட்டுகிற இன்பம் அறிந்த ஒருவர், அறியாத ஒருவருக்குச் சொன்ன யோசனை அது. நான் மறுத்திருந்தால் அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். நான் போனேன்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஊரைத் தாண்டி, வயல்வெளிக்குள் போகும் ரோட்டில் திரும்பினேன். கூரையை மடித்துவிட்டிருந்தோம், காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் வேலிச்செடி. நடுவில் வளைந்து வளைந்து போகும் ஒற்றை ரோடு. யாரும் கியர் மாற்றச் சொல்லவில்லை. நானே மாற்றினேன். வளைவில் நுழைந்து, நடுவில் மிதித்து, வெளியே வந்தேன். மறைத்து என்ன பயன், சந்தோஷமாக இருந்தது. மாமியாருக்கும் சொல்ல வேண்டாம், மகளுக்கும் சொல்ல வேண்டாம். ஊர் எல்லையில் இடம் மாறி உட்காரவும் வேண்டாம். ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்கும் வரை நின்றேன். மேய்ப்பவர் கை காட்டினார், நானும் காட்டினேன். ஒரு பாலத்தில் வண்டி லேசாக எம்பி இறங்கியபோது சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே கைத்தடி மட்டும் இருந்தது. அதை அவர் என்னிடமே விட்டுவிட்டிருந்தார்.

வந்த வழியே திரும்பினேன். இந்த ஊர் பஸ் சொன்ன நேரத்துக்கு வராது என்பது அன்றைக்கு என் புண்ணியம். பஸ் ஸ்டாப்பில் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, கம்பத்தைப் பிடித்தபடி, கக்கத்தில் இரண்டு ‘எல்’ அட்டைகள். வரிசையிலிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். நான் இறங்கிப் போய் அவருடைய கதவைத் திறந்து பிடித்தேன். மெதுவாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடது காலை எடுத்து உள்ளே வைத்து நீட்டிக்கொண்டார். அட்டைகளை மடியில் வைத்தார். நான் சுற்றி வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு” என்றேன். “சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல.”